பிள்ளைய ஹாஸ்டல் ஸ்கூல்ல சேக்கப் போறீங்களா, இத படிச்சிட்டு பெட்டி கட்டுங்க

மே மாசம் வந்தா போதும், எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும். மாமா, சித்தப்பா, அப்பாவோட அரிசி மில்லு சிநேகிதங்க, பக்கத்து தெரு அக்கா, எல்லாருக்கும் ஒரே கேள்விதான், "தம்பி நீ நாமக்கல்ல படிச்சவன்தானே, எம்புள்ளைய அங்க போடலாமா?" ஒவ்வொருத்தருக்கும் அரை மணி நேரம் பேசி வாய் வலிச்சுப்போச்சு, அதான் எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

நான் 2008ல இருந்து 2010 வரைக்கும், பிளஸ் ஒன் பிளஸ் டூ ரெண்டு வருஷம், நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல இருந்தேன். சொந்த ஊரு மன்னார்குடி பக்கம். பத்தாவதுல 500க்கு 452 எடுத்திருந்தேன், அப்பல்லாம் ஸ்டேட் ரேங்க் லிஸ்ட் பேப்பர்ல போடுவாங்க, அதுல நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடுன்னு வரிசையா வரும், எங்க அப்பா அந்தப் பக்கத்த கத்தரிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டே திரிஞ்சாரு. 2017ல அந்த ரேங்க் அறிவிக்கிறதையே அரசாங்கம் நிறுத்திடுச்சு. பிளெக்ஸ் பேனர் மட்டும் நிக்கல, முன்ன 1200க்கு எவ்வளவுன்னு இருந்த எடத்துல இப்ப நீட் மார்க் இருக்கு, அவ்வளவுதான்.

போடலாமா வேணாமாங்கறது உங்க வீட்டு விஷயம், அதுல நான் வரல. போடறதுன்னு முடிவாயிடுச்சுன்னா என்னென்ன பாக்கணும், என்ன வாங்கித் தரணும், போனப்பறம் எப்படி நடந்துக்கணும், அது மட்டும் சொல்றேன். பிள்ளைக்கு சொல்ல வேண்டியதும் நடுவுல வரும், அவங்களையும் பக்கத்துல வச்சுக்கிட்டு படிங்க.

மொதல்ல ஸ்கூல பாக்கப் போறது. எல்லாரும் மே மாசம் போறாங்க, அதுதான் தப்பு. மே மாசம் ஹாஸ்டல்ல முக்காவாசி ரூம் காலி, சுவத்துக்கு புதுசா பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, பினாயில் வாசம் கமகமன்னு வரும், ஆபீஸ்ல ஏசி ரூம்ல உக்கார வச்சு காபி குடுப்பாங்க. பிப்ரவரி மாசம் ஒரு ஞாயித்துக்கெழம போங்க. புள்ளைங்க அங்க இருப்பாங்க, பரீட்சை நெருங்குற நேரம், ஹாஸ்டல் எப்படித்தான் ஓடுதுன்னு அப்பத்தான் தெரியும். பாத்ரூம பாக்கணும்னு கேளுங்க, மூஞ்சி மாறுதான்னு பாருங்க. எங்க புளோர்ல 60 பேருக்கு 8 பாத்ரூம், காலைல எல்லாரும் குளிக்க முக்கா மணி நேரம்தான், கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. ஒரு பாத்ரூமுக்குள்ள ரெண்டு பேரு ஜட்டியோட நின்னு மாத்தி மாத்தி மொண்டு ஊத்திக்குவோம். குடிக்கிற தண்ணி எங்கேர்ந்து வருது, தொட்டி எப்ப கழுவினாங்கன்னு கேளுங்க (இது ஏன்னு பின்னாடி சொல்றேன்). மெஸ்ல உக்காந்து ஒரு வேளை சாப்டுங்க, உங்களுக்குன்னு தனியா எடுத்துட்டு வந்தா வேணாம்னு சொல்லிட்டு லைன்ல நில்லுங்க. அப்படியே எதிர்ல இருக்கற பசங்க கைய பாருங்க, விரல் இடுக்குல சொறி இருந்தா அந்த ஹாஸ்டல்ல சிரங்கு சுத்திக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

ராத்திரி கிரில் கேட்ட வெளில பூட்டுவாங்களா, சாவி யாருகிட்ட இருக்கும், அவரு எங்க படுப்பாருன்னு கண்டிப்பா கேளுங்க. கும்பகோணத்துல 2004ல தீ புடிச்சு 94 கொழந்தைங்க போனது எங்க ஊர்லேர்ந்து ரொம்ப தூரம் இல்ல, எங்க அம்மா அத நெனச்சே இந்த ஒரு கேள்விய மட்டும் கேட்டாங்க, மத்ததெல்லாம் அப்பா மார்க்கப் பத்தியே கேட்டாரு. அப்பறம் 2014லேர்ந்து தமிழ்நாட்ல புள்ளைங்க தங்குற ஹாஸ்டலுக்கு லைசென்ஸ் வாங்கணும்னு தனி சட்டமே இருக்கு, இருந்தா காட்டுங்கன்னு கேளுங்க. காட்டத் தயங்குனாலே யோசிக்கணும்.

இன்னொண்ணு, பிளஸ் ஒன்னுக்கு சேக்குறவங்க கவனமா கேளுங்க. எங்க ஸ்கூல்ல பதினொண்ணாம் வகுப்பு புக்க நாங்க பிரிச்சதே இல்ல. சேந்த மூணாவது நாளே பன்னெண்டாவது மேத்ஸ் வால்யூம் ஒண்ணு. ரெண்டு வருஷமும் அதே புக்குதான், 40 ஒரு மார்க்கு, 10 ஆறு மார்க்கு, 10 பத்து மார்க்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பேட்டர்ன் சொல்லுவோம். கட் ஆஃப் 200க்கு 190 தாண்டி வந்துச்சு, இன்ஜினியரிங் சீட்டும் கெடச்சுது. காலேஜ்ல மொத வாரம் எம்-ஒன், அதாவது மொத செமஸ்டர் மேத்ஸ் கிளாஸ்ல சார் லிமிட்ஸ்ல ஒரு சின்ன கணக்க போட்டுட்டு "இது உங்களுக்கு லெவன்த்லயே தெரியும்"னு தாண்டிப் போய்ட்டாரு. மேத்ஸ்ல 200க்கு 196 எடுத்த நான் நோட்டப் பாத்து உக்காந்திருக்கேன், பக்கத்துல ஒரு கவர்மென்ட் ஸ்கூல் பையன், என்னவிட நெறைய கம்மி மார்க்கு, சர்ருன்னு போட்டு முடிச்சிட்டான். அந்த செமஸ்டர் எனக்கு அரியர். இந்த கூத்த நிறுத்தத்தான் 2017-18ல பதினொண்ணுக்கும் பொதுத்தேர்வு வச்சாங்க, இப்ப 2025ல அத எடுத்துட்டாங்க, அதனால பழைய கதை திரும்ப ஆரம்பிக்க வாய்ப்பு இருக்கு. கண்டுபுடிக்க ஈஸியான வழி, பன்னெண்டாவது படிக்கிற ஒரு பையன்கிட்ட "தம்பி உன் லெவன்த் நோட்ட காட்டு"ன்னு கேளுங்க. நோட்டு இருந்தா நடத்துறாங்க. இல்லன்னா இல்ல.

பணம் பத்தி சுருக்கமா: மொத்தம் எவ்வளவுன்னு எழுதி வாங்குங்க, டெபாசிட்டு, மெஸ்ஸு, கோச்சிங்கு, மெட்டீரியல்னு தனித்தனியா பின்னாடி வரும். பீஸ் பாக்கி இருக்குன்னு டி.சி.ய புடிச்சு வைக்கக் கூடாதுன்னு சென்னை ஐகோர்ட்டே 2024ல சொல்லியிருக்கு, அத தெரிஞ்சு வச்சுக்கோங்க. அப்பறம் ஹாஸ்டல்னா பிரைவேட் மட்டும்தான்னு நெனச்சுக்காதீங்க, மாவட்டத்துக்கு மாவட்டம் அரசு மாதிரிப் பள்ளி (மாடல் ஸ்கூல்) இருக்கு, ஆறாவதுக்கும் ஒம்பதாவதுக்கும் நுழைவுத்தேர்வு எழுதிப் போறதுக்கு உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதி நகர்ல சைனிக் ஸ்கூல் 1962லேர்ந்து இருக்கு. யாரும் சொல்றதில்ல, ஏன்னா அவங்க பேனர் கட்டறதில்ல.

இனி பெட்டி. ட்ரங்க் பெட்டிதான் வாங்கணும், சூட்கேஸ் வாங்காதீங்க, ஜிப்பு ரெண்டு மாசத்துல போயிடும், அதுமேல ஏறி உக்காந்து படிக்கவும் முடியாது. பூட்டு ரெண்டு சாவி உள்ளதா. ஒரு சாவி அரைஞாண் கயித்துல கட்டிக்கணும், குளிக்கிறப்பயும் கழட்டக் கூடாது, சிரிக்காதீங்க, எங்க ரூம்ல சாவி தொலைக்காம ரெண்டு வருஷம் ஓட்டுன ரெண்டு பேருமே அரைஞாண் கயித்து ஆளுங்கதான். இன்னொரு சாவிய வீட்டுக்கு எடுத்துட்டு போகாதீங்க, 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கற சாவியால ஒரு புண்ணியமும் இல்ல, நம்பிக்கையான ரூம்மேட் கெடச்சப்பறம் அவன் பெட்டிக்குள்ள போட்டு வைக்க சொல்லுங்க.

வாளி. எல்லாரும் நீலம் இல்லன்னா செவப்பு வாங்குவாங்க. கண்ண உறுத்துற மாதிரி ஒரு கலர்ல வாங்குங்க. பேர பெயிண்ட்ல எழுதுனா சொரண்டிட்டு போயிடுவாங்க, ஒரு ஆணிய அடுப்புல பழுக்கக் காய்ச்சி வாளிக்கு அடியில பேர பொசுக்கிடுங்க, எங்க அம்மா அப்படித்தான் செஞ்சாங்க, வாளிய எவனோ எடுத்துட்டுப் போய் பக்கத்து பிளாக்ல ஒளிச்சு வச்சிருந்தப்ப கவுத்துப் போட்டு காட்டித்தான் வாங்குனேன். துணியில இனிஷியல நூலால தைங்க, மார்க்கர் நாலு தொவைக்கு நிக்காது. ஜட்டி பனியன் எட்டு செட்டாவது வேணும். மழைக்காலத்துல காயவே காயாது, ஈரத்தோட போட்டா தொடையிடுக்குல படர்தாமரை வரும், வந்தா வெக்கப்பட்டு யாரும் சொல்ல மாட்டாங்க. நைலான் கயிறு, ஊக்கு, நகவெட்டி, ஊசி நூலு, ஒரு சின்ன டார்ச்சு. போதும். அயர்ன் பாக்ஸ், நல்ல வாச்சு எல்லாம் வேணாம், அழுதுகிட்டு தேட வேண்டி வரும்.

திங்கறதுக்கு குடுத்து விடறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நாமக்கல்னா முட்டை ஊரு, கண்ணுக்கெட்டின தூரம் கோழிப்பண்ணை, ஆனா எங்க மெஸ்ல வாரத்துக்கு ரெண்டே முட்டை, அதுக்கும் டோக்கன். அதனால எல்லாரும் பசியாத்தான் இருப்பாங்க. நீங்க குடுத்து விடற முறுக்கு உங்க பையன் ஒருத்தனுக்குன்னு கணக்குப் போட்டா அவன் அத ராத்திரி போர்வைக்குள்ள சத்தம் வராம ஊற வச்சு திங்கணும், நான் பாத்திருக்கேன், முறுக்க வாயில வச்சுக்கிட்டு அது தானா கரையற வரைக்கும் கடிக்காம படுத்திருந்தான் ஒருத்தன். பத்து பேருக்கு ஆவுற மாதிரி குடுத்து விடுங்க, மொத நாளே பிரிச்சு வச்சிட சொல்லுங்க. அந்த ஒரு டின்னு முறுக்குல கெடச்ச கூட்டாளிங்கதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் கூட்டாளிங்க. தனக்குன்னு வச்சுக்க பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, ஒரு பாட்டில் நார்த்தங்கா. மெஸ் சாம்பார் எப்படி இருந்தாலும் பொடி காப்பாத்தும்.

இப்ப சொல்லப் போறதுதான் முக்கியம், மத்தத மறந்தாலும் இத மறக்காதீங்க. போன்.

எங்க காலத்துல ஹாஸ்டல்ல பசங்க பேச செல்லு கெடையாது, ஹாஸ்டல் ஆபீஸ் வாசல்ல ஒரு காயின் பாக்ஸ், ஒரு ரூபா போட்டா ஒரு நிமிஷம், ஞாயித்துக்கெழம மட்டும், பின்னாடி முப்பது பேரு லைன், பக்கத்துலயே வார்டன் சேர் போட்டு உக்காந்திருப்பாரு. இப்ப வார்டன் செல்லுலயோ ஆபீஸ் செல்லுலயோ பேச விடறாங்க, அப்பவும் அவரு பக்கத்துலதான் நிப்பாரு. புள்ள எப்படி உண்மைய சொல்லும்? சேந்து அஞ்சாவது வாரம், டெஸ்ட்டுல மார்க்கு கொறஞ்சதுக்கு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வராண்டால முட்டி போட வச்சாங்க, மூணு நாள் தொடர்ந்து. நானா ஒரு ஐடியா பண்ணி, போன்ல அப்பாகிட்ட "அப்பா, மாடு கன்னு போட்டுச்சா?"ன்னு கேட்டேன். எங்க மாட்ட நான் பத்தாவது படிக்கறப்பவே வித்தாச்சு. இப்படி சம்பந்தமில்லாம கேட்டா அவருக்கு ஏதோ சரியில்லன்னு தோணும்னு என் கணக்கு. அவரு "எந்த மாடுடா? அதான் வித்தாச்சே, ஒழுங்கா படிக்கிறியா?"ன்னாரு. நான் திரும்ப, "இல்லப்பா, கன்னு போட்டுச்சான்னு..." காசு தீந்துடுச்சு. டொக்குன்னு கட்டாயிடுச்சு. பின்னாடி இருந்தவன் "தள்ளுடா"ன்னான்.

அதனால சேக்கறதுக்கு முன்னாடியே வீட்ல உக்காந்து ஒரு வார்த்தைய பேசி வச்சுக்கோங்க. சாதாரணமா வார்டன் காதுல விழுந்தா சந்தேகம் வராத வார்த்தையா இருக்கணும். "பாட்டிக்கு முட்டி வலி எப்படி இருக்கு"ன்னு கேட்டா மனசு சரியில்ல, சும்மா பேசணும். "கண்ணாடி பவர் மாத்தணும்"னு சொன்னா ஏதோ பெரிய பிரச்சனை, அடுத்த பஸ்ஸ புடிச்சு வா. ரெண்டு போதும். முக்கியமா, அந்த வார்த்தை வந்துச்சுன்னா போன்லயே தோண்டித் துருவாம சரின்னு வச்சிட்டு கெளம்பணும், போய் பாத்து ஒண்ணுமில்லன்னாலும் திட்டக் கூடாது. ஒருதடவ திட்டிட்டீங்கன்னா அப்பறம் அந்த வார்த்தை வரவே வராது. மொத பத்து நாள் பேசவே கூடாது, பேசுனா அழுவாங்கன்னு சில வார்டனுங்க சொல்லுவாங்க. அழட்டுமே. அழுதுட்டு வச்சவங்கதான் எங்க ரூம்ல தூங்குனாங்க, பேச வழி கெடைக்காதவன் முழிச்சுக்கிட்டே கெடந்தான்.

யாராவது தொடக் கூடாத எடத்துல தொட்டா, அது வார்டனா இருந்தாலும் சீனியரா இருந்தாலும், உடனே சொல்லணும், சொன்னா நாங்க நம்புவோம்னு பெட்டி கட்டறதுக்கு முன்னாடியே பச்சையா பேசிடுங்க, ஆம்பளப் புள்ளைக்கும்தான். 1098 கொழந்தைங்களுக்கான ஹெல்ப்லைன், 14417 தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையோடது. ரெண்டையும் மனப்பாடம் பண்ண வைங்க, ஒரு மார்க் கேள்வியெல்லாம் மனப்பாடம் பண்றாங்கல்ல.

தம்பி, பாப்பா, இது உங்களுக்கு. மொத நாப்பது நாள்தான் கஷ்டம், அதுலயும் காலைல ஒண்ணும் தெரியாது, 4:45க்கு விசில் அடிச்சதும் ஓடிக்கிட்டே இருப்பீங்க. சாயங்காலம் அஞ்சரைலேர்ந்து ஆறரைக்குள்ளதான் நெஞ்ச அடைக்கும், கிளாஸ் முடிஞ்சு ஸ்டடி ஆரம்பிக்கறதுக்கு நடுவுல. அந்த நேரத்துல கட்டில்ல படுக்காதீங்க. துணி தொவைங்க, கிரவுண்டுக்கு போங்க, யாரையாவது கூட வச்சுக்கிட்டு கேட்டோரம் லாரி எண்ணுங்க (நாமக்கல்ல அது தீராத வேலை). மெஸ்ல வேல பாக்கறவங்க, வாட்ச்மேன், இவங்ககிட்ட பேரு கேட்டு பழகிக்கோங்க. இதுக்கு எங்கிட்ட ஒரு காரணம் இருக்கு.

மொத வருஷம் நவம்பர் மாசம் எனக்கு காய்ச்சல். சாப்பாடு கண்டாலே கொமட்டல். வார்டன்கிட்ட போனா ஒரு பாரசிட்டமால், மன்த்லி டெஸ்ட்டுக்கு பயந்து நடிக்கிறேன்னு ஒரு திட்டு. இப்படியே ஆறு நாள். ஏழாவது நாள் காலைல தட்டு நீட்டுறேன், இட்லி வைக்கிற அக்கா கரண்டிய வச்சிட்டு என் தாடைய புடிச்சு வெளிச்சத்துப் பக்கம் திருப்பி கீழ் இமைய இழுத்துப் பாத்துச்சு. "ஏஞ்சாமி, கண்ணு மஞ்சக் கெழங்காட்டம் இருக்குது, மூத்திரம் எப்படிப் போவுது?"ன்னு அத்தன பேரு முன்னாடி சத்தமா கேட்டுச்சு. கடுங்காப்பி கலர்ல போவுதுன்னேன். அந்தக்கா தன்னோட செல்லுலேர்ந்து எங்க அப்பாவுக்கு அடிச்சு குடுத்துச்சு. மஞ்சக்காமாலை. அப்பா முசிறி, தொட்டியம் வழியா பஸ் மாறி மாறி ராத்திரி வந்து சேந்தாரு. அடுத்த ரெண்டு வாரத்துல எங்க பிளாக்லயே இன்னும் ஒம்பது பேரு படுத்தாங்க, தொட்டித் தண்ணிதான் காரணம்னு அப்பறம் பேசிக்கிட்டாங்க, ஸ்கூல்ல யாரும் வாயத் தொறக்கல.

அதனால சேக்கறப்பவே ஒரு லெட்டர் எழுதி குடுங்க, காய்ச்சல் ரெண்டு நாள் தாண்டுனா எங்களுக்கு போன் பண்ணணும், டாக்டர்கிட்ட காட்டணும்னு, அத வாங்கிக்கிட்டதுக்கு ஒரு காப்பில கையெழுத்து வாங்குங்க. மொறைப்பாங்க, மொறைக்கட்டும். பிளட் குரூப், அலர்ஜி, சாப்புடற மருந்து எல்லாம் அதுலயே எழுதிடுங்க. சிரங்கு வந்தா ஒருத்தனுக்கு மட்டும் மருந்து போட்டு புண்ணியமில்ல, ரூம்ல இருக்கற எல்லாரும் ஒரே நாள் ராத்திரி கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் போட்டு, துணி போர்வையெல்லாம் சுடுதண்ணில தொவைச்சு வெயில்ல போடணும், இல்லன்னா மாசக்கணக்குல சுத்தி சுத்தி வரும். எங்க ரூம்ல நாலு மாசம் சுத்துச்சு.

விசிட்டிங் ஞாயிறு. பத்து மணின்னு சொன்னா பத்து மணிக்கு போங்க. லேட்டாகும்னு தெரிஞ்சா பன்னெண்டுன்னே சொல்லிடுங்க, பரவால்ல. கேட்டு கம்பிய புடிச்சிட்டு நிக்கிற புள்ளைங்க ஒவ்வொரு பஸ் நிக்கறப்பயும் எறங்கறவங்க காலத்தான் மொதல்ல பாப்பாங்க, செருப்ப வச்சே கண்டுபுடிச்சிடுவோம். போன ஒடனே மார்க் லிஸ்ட்ட பிரிக்காதீங்க. மொதல்ல சோறு, அப்பறம் அம்மா மடி, பிள்ளை எவ்வளவு வளந்திருந்தாலும். பிரியாணியோட வீட்டு ரசமும் கொண்டு போங்க, எங்க பசங்க எல்லாம் பிரியாணிய விட்டுட்டு ரசத்துக்குத்தான் அடிச்சுக்குவோம். முதுகு, தொடை, கை எல்லாம் எண்ணெய் தேச்சு விடற சாக்குல ஒரு பார்வை பாத்துடுங்க. கெளம்பறப்ப ஒளிஞ்சு போகாதீங்க, சொல்லிட்டு கெளம்புங்க.

பாதியில கூட்டிட்டு வரலாமான்னு கேட்டா, வரலாம். மொத டேர்ம் முடியறப்ப பிள்ளை எடை ரொம்ப எறங்கியிருந்தா, பேச்சு நின்னுபோயிருந்தா, லீவு முடியற அன்னிக்கு வாந்தி எடுத்தா, பீஸ் போனா போகுதுன்னு கூட்டிட்டு வந்துடுங்க. எங்க செட்ல ஒருத்தன் டிசம்பர்ல போய்ட்டான், நாங்கல்லாம் அவன கோழைன்னு கிண்டல் பண்ணோம். அவன் ஊர்ல கவர்மென்ட் ஸ்கூல்ல பிளஸ் டூ முடிச்சு இப்ப வெட்னரி டாக்டர். நான் போன் பண்ணி சாரி கேட்டதே போன வருஷம்தான்.

கடைசியா, மொத லீவுக்கு வீட்டுக்கு வர்ற அன்னிக்கு. குளிக்க வெந்நி போட்டு வைங்க, அரை மணி நேரம் ஆனாலும் கதவத் தட்டாதீங்க. சாப்பாட்ட கடகடன்னு அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டு தட்ட தானே கழுவ எடுத்துட்டு போவாங்க, பாத்து பதறாதீங்க. மறுநாள் விடியக்காலம் 4:45க்கு விசில் அடிச்ச மாதிரி டக்குனு எழுந்து உக்காந்து எங்க இருக்கோம்னு தெரியாம முழிப்பாங்க. லைட்ட போடாதீங்க, "எந்திரிச்சதுதான் எந்திரிச்ச, படி"ன்னும் சொல்லிடாதீங்க. பேன ஒரு நம்பர் கூட்டி வச்சிட்டு வாங்க.